தண்ணி விழுதா?

பையில் கிடக்கும் துண்டு இன்னும் காயவில்லை. அதற்குள் எழுதிவிடுகிறேன், கோபமும் சந்தோஷமும் ஆறுவதற்குள். கோபம் ஞாயிற்றுக்கிழமைக் குற்றாலத்தின் மேல். சந்தோஷம் திங்கட்கிழமைக் குற்றாலத்தால். ஒரே ஊர், ஒரே அருவி, நடுவில் ஒரு ராத்திரிதான்.

சீசனில் ஞாயிறு பகல் 11 மணிக்குத் தென்காசியிலிருந்து குற்றாலம் வரையிலான 5 கிலோமீட்டரும் வண்டி ஊர்ந்துதான் போகும். நிறுத்த இடம் தேடி ஒரு சுற்று, கிடைத்த இடத்திலிருந்து பேரருவி வரை நடை, பிறகு வரிசை. உள்ளே போனால் தண்ணீருக்கும் நமக்கும் நடுவில் மூன்று அடுக்கு முதுகு. முன்னால் நிற்பவர் தோளில் பட்டுத் தெறிப்பதுதான் நமக்கு. பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, பெரியவர்களின் இடுப்புக்குக் கீழே நின்று மூச்சுத் திணறுகிறார்கள். பத்து நிமிடத்தில் "நகருங்க, நகருங்க" என்று விசில். இவ்வளவு தூரம் வந்து இதற்காகவா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுருங்கிப்போகும்.

இந்தச் சிக்கலுக்குக் காரணம் பள்ளிக்கூட நாள்காட்டி. மே மாதம் முழுக்க லீவு இருக்கும், பாறை காய்ந்து கிடக்கும். ஜூனில் பள்ளி திறக்கும், அதே ஜூனில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கி, ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலை இந்தப் பக்கம் தள்ளும். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கும் ஏக்கம் இது. அதனால்தான் அத்தனை குடும்பமும் சனி, ஞாயிறு என்று ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. என் முடிவு இது: பிள்ளைக்கு ஒருநாள் லீவு சொல்லுங்கள். செவ்வாயோ புதனோ போங்கள். ஒரு கணக்குப் பாடம் போனால் அடுத்த வாரம் பிடித்துவிடலாம். முதுகில் அருவி முதன்முதலாக விழும் அந்த அடியை அப்படிப் பிடிக்க முடியாது.

கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணி விழுதா? இதை முந்தின நாள் கேட்டுப் பயனில்லை, கிளம்பும் அன்று காலையில் கேளுங்கள். பேரருவிக்கு மேலே தண்ணீரைத் தேக்கிவைக்க அணை எதுவும் கிடையாது. மலையில் மழை பெய்தால் சில மணி நேரத்தில் அருவி பெருகும், நாலு நாள் வெயில் அடித்தால் நூலாகிவிடும். தென்காசியில் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு போன் போடுங்கள். "ஆர்ச்சில விழுது" என்று பதில் வந்தால் குளிக்க விட மாட்டார்கள். பேரருவியின் அடியில் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது என்று அர்த்தம், போலீஸ் கயிறு கட்டிவிடும். "நல்லா விழுது" என்றால் உடனே கிளம்பலாம். "சுமாரா விழுது" என்றால் கூட்டமும் சுமாராகத்தான் இருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நான் சிபாரிசு செய்வது இந்தச் சுமாரைத்தான்.

செலவைப் பற்றி. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு ஏறினால் காலையில் தென்காசி. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் முன்பதிவு வேண்டாம், டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்தால் போதும். பகல் நேர பாசஞ்சரில் போகிறவர்கள் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். திருநெல்வேலியில் வெயில் கொளுத்தும், அம்பாசமுத்திரம் வரை அதே அனல், பாவூர்சத்திரம் தாண்டியதும் காற்றின் குணமே மாறும். தூரத்தில் மலை கறுத்து நிற்கும். பிள்ளைகள் அந்த இடத்தில் தாங்களாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

தென்காசியில் இறங்கியதும் குற்றாலத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு நேரச் சாப்பாடு முடிந்துவிடும். சீசனில் ஆட்டோக்காரர்கள் சிலர் கேட்பது வேறு கணக்கு. "ஐந்தருவி போகணும்" என்று மட்டும் சொன்னால் போகும் கூலியைச் சொல்லுவார், காத்திருப்புக்குத் தனி, திரும்புவதற்குத் தனி. ஏறுவதற்கு முன்பே இப்படிப் பேசுங்கள்: "அண்ணே, பேரருவியில ஏத்தி, ஐந்தருவி, புலியருவி காட்டி, திரும்பப் பஸ் ஸ்டாண்டுல விடணும், மூணு மணி நேரம், மொத்தம் எவ்வளவு?" 'மொத்தம்' என்ற சொல் வாயிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் இறங்கும் இடத்தில் வாக்குவாதம்தான், ஈரத் துணியோடு நின்று பேரம் பேசும் தெம்பு யாருக்கும் இருப்பதில்லை.

இனி குளியல். பேரருவியில் அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் அடியில் மனிதர் நின்று குளிக்க முடிவதற்குக் காரணம் பொங்குமாங்கடல். மேலிருந்து வரும் தண்ணீர் பாறையில் உள்ள அந்தக் குழிக்குள் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே இறங்குகிறது. தணிந்தும் அந்த அடி! அதனால் நேராகப் போய்த் தலையைக் கொடுக்காதீர்கள். முதலில் சிதறல் விழும் ஓரத்தில் நின்று உடம்பு குளிருக்குப் பழகட்டும். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து தோளைக் கொடுங்கள், அதன்பின் முதுகு, கடைசியில்தான் தலை. நிமிர்ந்து நின்றால் தண்ணீர் மூக்கில் ஏறும், குனிந்தால் முகத்துக்கு முன்னால் மூச்சுவிட ஒரு கூடாரம் போல இடம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும். காதில் தொந்தரவு உள்ளவர்கள் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடியை முன்னமே கழற்றிக் கொடுத்துவிடுங்கள், அருவிக்குள் போன கண்ணாடி திரும்பி வராது.

மோதிரத்தையும் கழற்றுங்கள். குளிரில் விரல் சுருங்கும், இறுக்கமாக இருந்த மோதிரமும் தானாக நழுவும். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டு ஊக்குப் போட்டுக்கொள்வது வழக்கம், நல்ல வழக்கம். ஆண்கள் வெறும் துண்டையோ வேட்டியையோ நம்ப வேண்டாம், நாடா வைத்த கால்சட்டை உள்ளே இருக்கட்டும். சாவி, போன், பர்ஸ் எல்லாவற்றையும் குளிக்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டு முறைவைத்துக் குளியுங்கள். செருப்பையும் அவர் காலடியிலேயே விடுங்கள். படிக்கட்டில் விட்ட செருப்பு கிடைக்காமல், சுடும் தார் ரோட்டில் வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறவர்களை ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கலாம்.

பெண்களுக்கு உடை மாற்றும் அறை உண்டு, ஆனால் கூட்ட நாளில் தரை முழுக்கச் சேறு, மாட்ட ஆணியும் கிடைக்காது. தோளில் மாட்டும் பையாகக் கொண்டுபோங்கள், கீழே வைக்க வேண்டி வராது. ஈர உடைக்கு மேலேயே தொளதொளவென்ற ஒரு நைட்டியைப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள் மாற்றினால் இரண்டு நிமிட வேலை. பிள்ளைகள் கரையேறியதும் முதலில் தலையைத் துவட்டுங்கள், சட்டை அப்புறம். உதடு நீலமாகி நடுங்கும்போது "இன்னும் ஒரு தடவை" என்று அழுவார்கள். சூடாக ஏதாவது வயிற்றுக்குள் போன பிறகுதான் அடுத்த முறை.

பழைய ஆட்களின் குற்றால நினைவில் எண்ணெய் வாசனை கட்டாயம் இருக்கும். அப்பாக்கள் பெஞ்சில் குப்புறப் படுத்திருக்க, மாலீஸ்காரர் முதுகில் தட்டும் சத்தம் தாளம் போலக் கேட்கும். எண்ணெயோடு அருவியில் நிற்பதற்கு இன்று அனுமதி இல்லை. எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றுக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. சரியான தடை. எண்ணெய் வழிந்த பாறையில் கால் வைத்தால் நிற்காது. நாம் கழுவிவிடும் நுரையும் கீழே சிற்றாற்றில்தான் கலக்கிறது, அது சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது, வழியெல்லாம் வயலும் ஊரும்.

ஒரு விஷயத்தில் விளையாட்டே கூடாது. தெளிந்து விழும் தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், காவலர் சொல்லும்வரை காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள். கீழே வெயில் அடிக்கலாம், மேலே காட்டில் மழை கொட்டியிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் இப்படித்தான் வந்தது, 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். சீசனே தொடங்காத மாதம் அது. குளிப்பதற்கு முன்பே, எந்தப் பக்கம் ஓடி எந்தப் படியில் ஏற வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கையை நீட்டிக் காட்டிவிடுங்கள்.

எந்த அருவி யாருக்கு? ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் பேரருவியிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் இருக்கும் புலியருவி, வேறு யோசனை வேண்டாம். தாழ்வாக விழும், அடி இருக்காது. ஐந்தருவியில் கிளைகள் பிரிந்து விழுவதால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் கிடைக்கும். பழைய குற்றாலம் ஆயிரப்பேரி பக்கம் தள்ளி இருக்கிறது, வண்டி உள்ளவர்களுக்குத் தோது. செண்பகாதேவி வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காட்டுக்குள் இருக்கிறது, பயணத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

பேரருவிக்கோ விடியற்காலைதான். திங்கட்கிழமை காலை 5 மணிக்குக் கரையில் இருபது பேர் இருந்தால் அதிகம். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தொங்குகிறது, சாரல் முகத்தில் அடிக்கிறது, வரிசையும் இல்லை, விசிலும் இல்லை. அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்று முதுகைக் கொடுக்கலாம். சின்ன வயதில் பார்த்த குற்றாலம் எங்கே போய்விட்டது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், அது எங்கேயும் போகவில்லை, அந்த நேரத்தில் அங்கேயே இருக்கிறது. குளித்த ஈரத்தோடு பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில், சங்கு வடிவத்தில் கட்டியது, தல மரம் குறும்பலா. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை கோயிலுக்குள் இல்லை, தனியாகச் சற்றுத் தள்ளி இருக்கிறது. தேடிப் போய் அந்தச் சுவரோவியங்களைப் பாருங்கள்.

பசி வந்துவிடும். அருவிப் பசி மற்றப் பசி மாதிரி கிடையாது. மிளகாய் பஜ்ஜி வாங்கினால் கடைக்குள்ளேயே நின்று தின்றுவிடுங்கள், பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் குரங்கு வந்துவிடும். பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கும்போது திருப்பி இழுக்கக் கூடாது, கடித்துவிடும், விட்டுவிடுங்கள். மத்தியானச் சாப்பாடு செங்கோட்டை ரோட்டில் பிரானூர் பார்டர் பரோட்டா. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி பக்கம் இருந்தது. எல்லை நகர்ந்து இத்தனை வருடம் ஆகியும் 'பார்டர்' என்ற பேர் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்லிலிருந்து எடுத்ததும் அடித்து நொறுக்கிய பரோட்டா, மேலே சால்னா, பக்கத்தில் மிளகு தூக்கலாக நாட்டுக்கோழி. பரோட்டாவைச் சொல்லும்போதே கோழி என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பில்லை ஏற்றுவது கோழிதான், பரோட்டா அல்ல. நாலு பேருக்கு இரண்டு தட்டுக் கோழி தாராளம். மற்ற ஊர்ப் பரோட்டாவைப் பற்றி யாராவது பெருமை பேசினால் இங்கே கூட்டிவந்துவிட்டுப் பேசச் சொல்ல வேண்டும்.

கடைசியாக மங்குஸ்தான். சீசன் முழுக்கப் பழக்கடைகளில் குவிந்திருக்கும், விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆகவே பார்த்து வாங்க வேண்டும். கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். ஓடு கொஞ்சம் உள்வாங்கினால் நல்ல பழம். கல் மாதிரி இருந்தால் உள்ளே கெட்டுப்போயிருக்கும். ஓட்டில் மஞ்சள் பால் வடிந்திருந்தால் கசக்க வாய்ப்பு உண்டு. பழத்தின் அடியில் பூப்போல ஒரு வடு இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. ஆறு இதழ் என்றால் ஆறு சுளை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல், "எத்தனை சுளைன்னு உடைக்காமலே சொல்லட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர் போய்ச் சேரும்வரை ரயில் பெட்டியில் உள்ள அத்தனை பேரிடமும் அவர்கள் இந்த வித்தையைக் காட்டுவார்கள். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள், ஓட்டின் ஊதாக் கறை எத்தனை துவைத்தாலும் போகாது.