கார் வராத கால்வாய்க் கரை

பிரான்ஸில் நாந்த் நகருக்கு வந்த புதிதில் வார இறுதிகளில் தார் ரோட்டில்தான் சைக்கிள் ஓட்டினேன். ஊரைத் தாண்டினால் வயல், மாடு, கல் வீடு என்று எல்லாமே அழகு, ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் முழங்கையை உரசுவதுபோல் கடந்து போகும்போது அந்த அழகு எதுவும் கண்ணில் படாது. ஒரு நாள் லாரிக் காற்றில் ஓரப் புல்லில் போய் விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி கார் வராத வழி இருந்தால்தான் ஓட்டுவது என்று.

அப்படித் தேடிப் பிடித்ததுதான் நாந்த்–பிரெஸ்ட் கால்வாய்க் கரை. பிரான்ஸின் மேற்கு ஓரத்தில், பிரிட்டனி என்கிற பகுதிக்கு நடுவே, சுமார் 360 கிலோமீட்டர். அதிகமும் கெட்டிப்படுத்திய மணலும் பொடிச் சரளையும்தான். அங்கங்கே நடுவில் ஒரு கோடு புல், இலையுதிர் காலத்தில் ஈர இலை. 40 மில்லிமீட்டர் டயர் போட்ட கிராவல் சைக்கிளுக்கென்றே, அதாவது மண், சரளைப் பாதையில் ஓட்டுகிற சைக்கிளுக்கென்றே, போட்ட பாதை மாதிரி இருக்கும். உண்மையில் இது குதிரைக்காகப் போட்டது. படகில் கயிறு கட்டி, குதிரையும் சில இடங்களில் மனிதர்களுமே கரையில் நடந்து இழுத்துப்போன பாதை.

கால்வாய் வெட்டக் காரணம் போர். ஆங்கிலேயக் கடற்படை கடல்வழியை அடைத்து வைத்திருந்ததால், பிரெஸ்ட் துறைமுகத்துக்குச் சரக்கை உள்நாட்டு வழியாகக் கொண்டுபோக நெப்போலியன் ஆட்சியில் திட்டமிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்து, 1842-ல்தான் முழுதாகத் திறந்தது. ஓடுகிற ஆறுகளையே இணைத்துக் கொண்டு போனார்கள்: ஓல்ன், பிளவே, ஊஸ்து, வில்லேன், எர்த்ர். ஆற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே மேடு, அந்த மேட்டைப் படகு ஏறித் தாண்டுவதற்கு மதகுகள். இரண்டு பக்கமும் கதவு, நடுவில் தொட்டி, தண்ணீரை விட்டால் படகு உயரும், வடித்தால் இறங்கும். இப்படி 230-க்கும் மேற்பட்ட மதகுகள் இருக்கின்றன. ஒரு மதகுக்கும் அடுத்ததற்கும் இடையில் தண்ணீர் மட்டமாக நிற்கிறது, அதனால் கரையும் மட்டமாகவே போகிறது. மதகு வந்தால் இரண்டு மூன்று மீட்டர் ஏற்றம், பத்து மிதியில் முடிந்துவிடும். மூட்டுவலிக்காரர்களையும் முதல்முறை நெடுந்தூரம் போகிறவர்களையும் இங்கே தைரியமாகக் கூட்டிப் போகலாம்.

எந்தப் பக்கம் தொடங்குவது என்று கேட்டால், மேற்கே ஷத்தோலேனில் இருந்துதான் என்பேன். அங்கே ரயில் நிலையம் இருக்கிறது, முக்கியமாகக் கடல்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் முதுகில் தள்ளிக்கொண்டே வரும். மதகுகளின் எண் நாந்திலிருந்து தொடங்குவதால், இந்தப் பக்கமிருந்து வந்தால் எண் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு மதகடியிலும் ஒரு சின்னக் காவலர் வீடு, சிலவற்றில் இப்போது காபி கிடைக்கிறது, சிலவற்றில் இரவு தங்கலாம், பூட்டிக் கிடப்பவையும் உண்டு. நான் ஐந்து நாளில் முடித்தேன், எட்டு நாள் எடுத்திருக்க வேண்டும்.

என் மனம் இன்னும் நிற்கிற இடம் குளோமெல். கால்வாய் முழுவதிலும் உயரமான பகுதி அது, கடல்மட்டத்திலிருந்து 184 மீட்டர். அந்த மேட்டைக் குறைக்க மூன்று கிலோமீட்டருக்குக் குன்றைப் பிளந்திருக்கிறார்கள், ஆழம் 20 மீட்டருக்கு மேல். வெட்டியவர்கள் பிரெஸ்ட் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். 1823 முதல் 1832 வரை, மண்வெட்டியும் கூடையும் வைத்துக் கொண்டு. இன்று இரு பக்கமும் மரம் அடர்ந்து, பட்டப்பகலிலும் பச்சை இருட்டு. எனக்கு முன்னும் பின்னும் ஒரு ஆள் இல்லை, டயருக்கடியில் சரளை நெரிகிற சத்தம் மட்டும். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தேன். அந்த இடத்தில் வேகமாகப் போக மனசு வரவில்லை.

அதைத் தாண்டிக் குவாரெக் பக்கம் வந்தால் கால்வாயே அறுந்துவிடுகிறது. 1923-க்கும் 1930-க்கும் இடையில் கெர்லெதானில் மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள், 17 மதகுகள் ஏரிக்குள் மூழ்கிப் போயின. படகுவழி அதோடு இரண்டாகப் போனது, திரும்ப இணைக்கவே இல்லை. 2015-ல் அணையைச் சோதிக்க ஏரியை வடித்தபோது அந்த மதகுகளும் காவலர் வீடுகளின் சுவர்களும் சேற்றிலிருந்து வெளியே வந்தன, பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. நம் பாதை என்ன ஆகிறது என்றால், 1967-ல் மூடிய குறுகிய ரயில்பாதை ஒன்று ஏரிக்கு வடக்கே போகிறது, தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள். ரயிலும் செங்குத்தாக ஏறாது, அதனால் அதுவும் சுகமான ஏற்றம்தான். வழியில் போன் ரெப்போ மடம், 1184-ல் நிறுவியது. மதியம் அங்கே ஆற்றோரம் உட்கார்ந்து ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டால் கிளம்ப மனமே வராது.

பொந்திவியிலிருந்து ரோஆன் வரை 24 கிலோமீட்டருக்குள் 54 மதகுகள். படிக்கட்டு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒன்றில் நின்று பார்த்தால் அடுத்தது தெரியும். மேட்டில் இத்தனை மதகுக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யோசித்தேன். அதற்கென்றே ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து குன்றுகளின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி சுமார் 63 கிலோமீட்டருக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், நேர்க்கோட்டில் அளந்தால் அதில் பாதிகூட வராது. அதன் கரையும் இப்போது பாதைதான், இல்வெர்ன் வாய்க்கால் என்று கேட்டால் சொல்வார்கள். கால்வாய்க் கரையைவிடக் குறுகல், வேர்கள் உண்டு, ஆனால் கிராவல் ஓட்டுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல வழி இல்லை.

ஜோஸ்லேன் கோட்டை தண்ணீரில் தலைகீழாகத் தெரியும், எல்லோரும் படம் எடுக்கும் இடம், நானும் எடுத்தேன். மலெஸ்துருவா, ரெதோன் எல்லாம் பழைய வீடுகள் நிறைந்த ஊர்கள், இரவு தங்க நல்லவை.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் கவனம். கிராமத்துக் கடைகள் மதியம் இரண்டு மணிநேரம் அடைத்துவிடும், ரொட்டிக் கடைகள் பலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அது தெரியாமல் ஒரு திங்களன்று மூன்று ஊர் தாண்டியும் ஒன்றும் கிடைக்காமல் தலை சுற்றிப்போனேன். இப்போது பையில் எப்போதும் பேரீச்சம்பழமும் கடலையும் இருக்கும். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும், குடிக்கக் கூடாது என்று எழுதவில்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் மீன் பிடிப்பவர்களின் தூண்டில் பாதைக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும், தூரத்திலேயே மணி அடித்து மெதுவாகப் போனால் சிரித்துத் தூக்கிக்கொள்வார்கள்.

கடைசி நாள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எர்த்ர் ஆற்றில் கால்வாய் கலந்த பிறகு கரையில் இழுவைப் பாதை கிடையாது, நாந்த் வரை சின்னச் சின்ன ரோடுகளில்தான் போக வேண்டும், அங்கே கார் வரும். குழந்தைகளோடு போகிறவர்கள் நோர் ஊரில் முடித்துக்கொண்டு ரயில்பாதையில் ஓடுகிற டிராமைப் பிடித்து நாந்த் வந்துவிடலாம்.

சில பகுதிகளில் தார் போடலாமே என்று யாராவது பேசுவது அவ்வப்போது காதில் விழுகிறது. வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. மழைநீரை உறிஞ்சுகிற, வேகத்தைத் தானே குறைக்கிற, நடப்பவர் காலுக்கும் இதமான இந்த மண் கரையே போதும்.

மே மாதம் பொந்திவியிலிருந்து பிளவே ஆற்றோடு தெற்கே என்போன் வரை போகிறேன். 60 கிலோமீட்டர், 28 மதகு, இரண்டு நாள். வருகிறவர்கள் சொல்லுங்கள், டயர் 38-க்குக் குறையாமல் இருக்கட்டும்.