லியாங் ஜிங்கும் அந்த 8 கிலோமீட்டரும்

லியாங் ஜிங், சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்து ஹெஃபெய்க்காரர். 2018இல் அல்ட்ரா கோபி போட்டியில் முதலிடம். கான்சு மாகாணத்துப் பாலைவனத்தில், கையில் ஜிபிஎஸ் பார்த்து வழி தேடிக்கொண்டே 400 கி.மீ. ஓட வேண்டிய போட்டி அது. குளிரையும் தூக்கமின்மையையும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் 2021 மே 22 அன்று, அதே கான்சுவில், மஞ்சள் ஆற்றுக் கல்வனத்தில் (பாறைகள் காடுபோல் நிற்கும் இடம்) நடந்த 100 கி.மீ. போட்டியில் குளிரில் இறந்தார். வயது 31.

172 பேர் ஓடினார்கள். 21 பேர் திரும்பவில்லை. காது கேளாதோர் மாரத்தானில் தேசியப் பட்டம் வென்ற ஹுவாங் குவான்ஜுனும் அவர்களில் ஒருவர்.

முன்னணியில் ஓடிய ஆறு பேரில் ஒருவர்தான் பிழைத்தார். இதைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். ஓட்டம் தொடங்கியது காலை 9 மணிக்கு. நண்பகலை ஒட்டி ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் அடித்தபோது, வேகமானவர்கள் இரண்டாவது செக்பாயிண்டை (வழியில் ஓட்டக்காரர்களைப் பதிவுசெய்யும் இடம்) தாண்டி மூன்றாவதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். 8 கி.மீ. தூரத்தில் சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். கல்லும் மணலும், ஒதுங்க மரம்கூடக் கிடையாது. வண்டியும் மேலே வராது. பின்தங்கியவர்களில் பலருக்குக் கீழே திரும்ப வழி இருந்தது.

உடம்பில் நடப்பது இதுதான். தட்டையான பாதையில் வேகமாக ஓடும்போது தசைகள் கொட்டும் சூட்டில், கடும் குளிரிலும் அரைக்கால் சட்டை போதும். செங்குத்தான ஏற்றத்தில், எதிர்காற்றில் வேகம் விழுந்ததும் அந்தச் சூடு குறைந்துவிடுகிறது. நனைந்த துணி மிச்சமிருப்பதையும் உறிஞ்சும். நல்ல ஓட்டக்காரரின் உடம்பில் குளிரைத் தடுக்கக் கொழுப்பும் இல்லை. முதலில் விரல்கள் மரத்துப்போகும். ஜிப்பை இழுக்க முடியாது, ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டைக் கிழிக்க முடியாது. பிறகு கால் தடுமாறும், பேச்சு குழறும். நடுக்கம் தானாக நின்றுபோனால் தேறிவிட்டதாக எண்ணவே கூடாது. உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது.

அன்று காற்று தடுக்கும் ஜாக்கெட் கட்டாயப் பட்டியலில் இல்லை, பரிந்துரைப் பட்டியலில்தான் இருந்தது. பலரும் அதை டிராப் பேக்கில், அதாவது வழியில் எடுத்துக்கொள்ள முன்கூட்டியே கொடுத்தனுப்பும் பையில், போட்டுவிட்டார்கள். அந்தப் பைகள் காத்திருந்ததோ 62ஆவது கி.மீ.யில்! மெல்லிய தகடுபோன்ற அவசரகாலப் போர்வை எல்லோரிடமும் இருந்தது, காற்று அதைக் கிழித்தெறிந்தது. பலத்த காற்றில் அந்தப் போர்வையை மேலே சுற்றிப் பயனில்லை. ஜாக்கெட்டுக்கு உள்ளே, மார்பையும் முதுகையும் சுற்றிச் செருக வேண்டும். ஜாக்கெட் இல்லாதவருக்கு அதனால் பெரிய உதவி இல்லை.

ஆடு மேய்க்கும் ஜு கேமிங் அன்று ஆறு பேரைக் காப்பாற்றினார். தான் ஒதுங்கும் குகைக்குக் கொண்டுபோய், தீ மூட்டி, போர்வையில் சுற்றிவைத்தார். மருத்துவ முறையும் ஏறத்தாழ இதேதான்: காற்றிலிருந்து விலக்கு, ஈரத்துணியைக் கழற்று, நெஞ்சுப் பகுதியை முதலில் சூடாக்கு. கைகால்களைத் தேய்க்கக் கூடாது. நினைவு தெளிவாக இருந்து, விழுங்கவும் முடிந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் தரலாம்.

போட்டியை நடத்தியவர்கள் மீது விசாரணை வந்தது, அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள், சீனாவில் இத்தகைய போட்டிகள் நிறுத்திவைக்கப்பட்டன. எல்லாம் நியாயமே. ஆனால், பரிசுத்தொகையும் தரவரிசையும் ஒருவரை மேலே இழுக்கும்போது திரும்பச் சொல்ல அந்த மலையில் யாரும் இல்லாமல் போனதுதான் என்னால் ஏற்க முடியாதது.

மலைப் போட்டிக்குப் பெயர் கொடுப்பவர்கள் பாதை வரைபடத்தை வாங்கி, மிக உயரமான இடம் எது, அங்கே வண்டி வருமா, டிராப் பேக் எத்தனையாவது கி.மீ.யில் என்று கேளுங்கள். தையல் வழியே நீர் புகாதபடி ஒட்டப்பட்ட, தலைமூடி வைத்த மழை ஜாக்கெட்டை முதுகுப்பையிலேயே வையுங்கள். மேகம் இறங்கும்போதே, விரல்கள் வேலை செய்யும்போதே, போட்டுக்கொள்ளுங்கள்.