பூம் லிஃப்டும் ஒரு கடப்பாரையும்

பதினாறு வருடம் சாரத்தில் நின்று பெயிண்ட் அடித்தவன் நான். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பெரிய இரும்புக் கொட்டகை வேலை வந்தபோது, சாரம் வேண்டாம், பூம் லிஃப்ட்தான் என்று சொல்லிவிட்டார்கள். நீண்ட இரும்புக் கையின் நுனியில் ஆள் நிற்கும் கூடை உள்ள வண்டி அது; அந்தக் கைதான் பூம். அதை ஓட்ட பால் (PAL) கார்டு வேண்டும், அதாவது ஆளை உயரத் தூக்கும் வண்டிகளை ஓட்டப் பயிற்சி பெற்றதற்கான அட்டை. எழுத்துத் தேர்வு ஒன்று, வண்டியில் ஏறி ஓட்டிக் காட்டுவது ஒன்று. தேறினால் கார்டு ஐந்து வருடம் செல்லும். கார்டில் பூமுக்கு 3பி என்ற பிரிவு; நேராக மேலே மட்டும் ஏறும் சிசர் லிஃப்டுக்கு 3ஏ, அது தனி.

எழுத்தைவிட என்னைத் திணறடித்தது திசைதான். பூம் பாதிச் சுற்று சுற்றி நின்றால், லிவரை முன்னே தள்ள வண்டி பின்னே போகும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஒட்டியிருக்கும் அம்புக்குறியைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

பயிற்சி நடந்தது கான்கிரீட் தரையில். இங்கே செம்மண்ணும் கல்லும். நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் வண்டிதானே, எங்கும் நிற்கும் என்று நினைத்தேன். அது பூமை மடக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறத்தான். பூமை உயர்த்த வேண்டுமானால் தரை கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் ஐந்து டிகிரி சாய்ந்தாலே அலாரம்.

மூன்றாம் நாள் அது அடித்தது. உயரத்தில் நிற்கிறேன், கூடை சரிவின் கீழ்ப்பக்கம். கை தானாகவே இறக்கும் லிவருக்குப் போனது. அப்போதுதான் பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது: கூடை சரிவின் கீழ்ப்பக்கம் இருந்தால் முதலில் பூமை உள்ளே இழு, அப்புறம் இறக்கு. மேல்பக்கம் இருந்தால் முதலில் இறக்கு, அப்புறம் இழு. நீட்டிய பூமை அப்படியே தாழ்த்தினால் கூடை இன்னும் வெளியே போகும், பாரம் வண்டியையே புரட்டிவிடும். அங்குலம் அங்குலமாக இழுத்து இறக்கினேன். சட்டை முழுக்க வேர்வை.

கீழே வந்து பார்த்தால் பின் சக்கரம் ஒன்று ஒரு சாண் இறங்கியிருந்தது. கேபிளுக்குத் தோண்டி மூடிய பழைய பள்ளம். கீழே காவலுக்கு நின்ற பெரியவர் சிரித்தார். “மூடின குழிண்ணு பாத்தா தெரியாதா மக்கா? புல்லோட நெறமே வேற.” மறுநாளிலிருந்து வண்டி நிறுத்தும் இடத்தை முதலில் அவர் கடப்பாரையால் குத்திப் பார்ப்பார். ‘தொம்’ என்று கேட்டால் அந்த இடம் வேண்டாம்.

இன்னொரு தலைவலி கணவாய்க் காற்று. எங்கள் வண்டிப் பலகையில் போட்டிருந்த வரம்பு நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். ஆடி மாதம் காலை பத்து மணிக்குமேல் அதைத் தாண்டாத நாளே குறைவு. கீழே அளந்தால் ஏமாந்துபோவோம், காற்று மேலேதான் பலம். ஆறு மணிக்கே ஏறி, கூடையிலேயே காற்று அளக்கும் மீட்டரை வைத்துக்கொண்டேன். வேலை தாமதம் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைக் கூடைக்குள் இருக்கும் வளையத்தில்தான் மாட்ட வேண்டும், கொட்டகைத் தூணில் அல்ல. சக்கரம் குழியில் விழுந்தால் பூம் ஆளைக் கவணிலிருந்து கல் போலத் தூக்கி எறியும்.

கீழிருந்து இறக்கும் சுவிட்சைப் பெரியவருக்கும் பழக்கினேன். மேலே எனக்கு மயக்கம் வந்தால் அவர்தானே இறக்க வேண்டும்? இரண்டு தடவை ஒழுங்காக இறக்கினார். மூன்றாம் தடவை, “டீ வரட்டு, அப்புறம் எறக்குதேன்” என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.