ஆவன செய்யவும்

பதினாறு ஆண்டுகள் மக்களவை உறுப்பினர்களிடம் உதவியாளராக இருந்தேன். இரண்டு பேர், இரண்டு கட்சிகள். இருவரையும் 'ஐயா' என்றே அழைத்துப் பழகியதால், இங்கே யார் எந்த ஐயா என்று பிரித்துச் சொல்லப்போவதில்லை. கீழே வரும் வாரமும் ஒரே வாரம் அல்ல. பல ஆண்டுகளில் வேலூர்ப் பக்கம் நடந்தவற்றைத் திங்களிலிருந்து அடுக்கியிருக்கிறேன். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் இல்லாத வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டெல்லியில் வேலை இல்லையே, ஊரில் சும்மாதானே இருக்கிறார்' என்று எல்லோரும் நினைக்கும் வாரம். எங்களுக்குத் தூக்கம் கெடும் வாரம்.

இந்த வேலையில் நான் அதிகம் எழுதிய சொற்கள் 'ஆவன செய்யவும்'. பேச்சில் யாரும் 'ஆவன' என்று சொல்லி நான் கேட்டதில்லை. மனுவின் கடைசி வரியிலும் சிபாரிசுக் கடிதத்தின் கடைசி வரியிலும் மட்டும் உயிர்வாழும் சொல் அது.

திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையில் அங்கே மனு கொடுத்துவிட்டு, நகலோடு ஒரு கூட்டம் மதியத்துக்குமேல் நேராக எங்களிடம் வரும். பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை, தெருவிளக்கு, சாக்கடை. இவற்றில் எதையும் நாடாளுமன்றம் முடிவு செய்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதை விளக்கப் பார்த்தேன். அரசியலமைப்பில் மூன்று பட்டியல் இருக்கிறது, மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று ஆரம்பித்தேன். ஒரு பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "ஓட்டுக் கேட்க வந்தபோது இந்தப் பட்டியலைக் கொண்டுவரவில்லையே, தம்பி" என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் நான் அரசியலமைப்பு நடத்தவில்லை. பேசாமல் லெட்டர்பேடை எடுத்துவிடுவேன்.

ஆனால் ஒரு திங்கட்கிழமை வந்த அம்மாவின் மனு உண்மையிலேயே டெல்லிக்கு உரியது. நூறு நாள் வேலைக்குப் போய்வந்தவர். பல வாரக் கூலி வரவில்லை. 2024 ஜனவரி 1 முதல் அந்தக் கூலி ஆதார் வழியாகத்தான் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியிருந்தது. அவர் பையிலிருந்து வேலை அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். ஆதாரில் அவர் பெயர் 'அம்மாள்' என்று முடிந்தது. வேலை அட்டையில் 'அம்மா' என்று முடிந்தது. ஒரு 'ள்' குறைந்ததில் கூலி எங்கோ நின்றுவிட்டது. பிளாஸ்டிக் உறை போட்ட அந்த அட்டையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே, "நான் எழுதவில்லை சாமி, எழுதியவர்கள்தான் விட்டுவிட்டார்கள்" என்றார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

ஐயா அன்று மாலையே ஊரக வளர்ச்சி அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் சொன்னார். நானும் எழுதினேன். கடைசி வரி என்ன என்று உங்களுக்கே தெரியும். அந்த 'ள்' சேர்ந்தது அந்தக் கடிதத்தால் அல்ல. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணினி முன்னால் இருந்த ஒரு பெண்ணிடம் அம்மாவை நான் நேரில் அழைத்துப்போனேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. கடிதத்துக்கு அமைச்சகத்திலிருந்து பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வந்தபோது அம்மா பழைய கூலியை வாங்கிச் செலவே செய்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஆம்பூர். அந்த ஒரு நாளைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்தச் செய்தி எங்களுக்குத் தொலைக்காட்சியில் ஒருமுறையும் ஒரு காலணித் தொழிலாளி வாயிலாக இன்னொருமுறையும் வந்தது. அவர் வரி என்று சொல்லவில்லை. "ஓ.டி. நிறுத்திவிட்டார்கள்" என்றார், கூடுதல் நேர வேலையை. ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் பெண்கள் பலருக்கு வீட்டு வாடகை அந்த ஓ.டி. பணத்திலிருந்துதான் போகிறது. அவர் எழுந்து போனதும் அதே நாற்காலியில் பாலாற்றங்கரை விவசாயி ஒருவர் வந்து உட்கார்ந்தார். பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். தேநீரில் நிறைய தண்ணீர் ஊற்றினால் வரும் நிறம். தோல் பதனிடும் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்குண்டு. சட்டக் கல்லூரிப் பாடத்தில் வேலூர் என்ற பெயர் வருவது இதனால்தான். பாட்டிலை ஐயா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை.

அன்றைய அனுப்புகைப் பதிவேட்டில் அடுத்தடுத்த இரண்டு வரிகள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. தோல் பொருள் ஏற்றுமதியைக் காப்பாற்றக் கோரி வணிக அமைச்சகத்துக்கு ஒன்று. தோல் கழிவைத் தடுக்கக் கோரி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே கையெழுத்து. இதை இரட்டை வேடம் என்று எழுதிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த விவசாயியின் மருமகள் ஷூ கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போகிறார். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர் இரண்டு மனு கொடுக்கும்போது, ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள எந்த எம்.பி.க்கும் முடியாது.

புதன்கிழமை திஷா கூட்டம். மத்திய அரசுத் திட்டங்களை மாவட்ட அளவில் கண்காணிக்கும் குழு, தலைவர் எம்.பி.தான். அதிகாரிகள் சதவீதங்களை வாசிப்பார்கள், பிஸ்கட் வரும், அடுத்த துறை. தொகுதி மேம்பாட்டு நிதி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஒரு கோடிகூட வராது. பணம் எம்.பி. கைக்கு வருவதும் இல்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். கொரோனாவின்போது 2020 ஏப்ரலில் அந்த நிதியையே நிறுத்திவைத்தார்கள். பேருந்து நிழற்குடை கேட்டு வந்தவர்களிடம் நிதி இல்லை என்றபோது, எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

வியாழக்கிழமை முகூர்த்த நாள். ஏழு கல்யாணம், ஒரு காதுகுத்து, இரண்டு துக்க வீடு. வரிசை மாறிவிட்டால் அவ்வளவுதான். மாலை வாசனையோடு துக்க வீட்டுக்குள் நுழையக்கூடாது. ஒரு கல்யாணப் பந்தியில் கம்மவான்பேட்டைக்காரர் ஒருவர் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்துக்குப் போவதால் அந்த ஊருக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். ஓய்வுபெற்ற ஹவில்தார். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவித்தபோது அவர் பேரன் ஓட்டப் பயிற்சியில் இருந்தான். நான்கு ஆண்டு வேலை, அதன்பிறகு நான்கில் ஒருவருக்குத்தான் நிரந்தரம். "மூன்று தலைமுறையாகப் போகிறோம். நாலு வருஷம் கழித்து வந்து அவன் என்ன செய்வான் என்று உங்கள் ஐயா அங்கே கேட்டாரா?" என்றார். கேட்டிருந்தார். பதிலும் வந்திருந்தது. இலையில் பாயசம் ஊற்றும் நேரத்தில் அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் அலுவலகத் தொலைபேசி முழுக்க வடக்கு. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்திருப்பவர்களுக்காக அந்த ஊர் எம்.பி. அலுவலகங்களிலிருந்து பேசுவார்கள். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் விடுதிப் பலகைகள் வங்காளத்தில் இருப்பதை வேலூர்க்காரர்கள் இப்போது கவனிப்பதுகூட இல்லை. எனக்குத் தெரிந்த நாலு வங்காளச் சொல்லும் நோய்களின் பெயர்கள்தான். நாடாளுமன்றத்தில் ஐயாவுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து கத்துகிறவரின் உதவியாளர், என்னிடம் "தாதா (அண்ணா), ஒரு படுக்கை மட்டும்" என்று கெஞ்சியிருக்கிறார். அது எங்கள் கையிலும் இல்லை. பிரதமர் நிவாரண நிதிக்குக் கடிதம் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன்.

வெள்ளிக்கிழமை கேள்வி எழுதும் நாள். பதில் வர வேண்டிய நாளுக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்பே கேள்விகளை அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு, அவையில் வாய்மொழியாகப் பதில் வரும் நட்சத்திரக் கேள்வி 20, எழுத்தில் மட்டும் பதில் வரும் நட்சத்திரமில்லாதவை 230. ஆனால் கேட்பவர்கள் நூற்றுக்கணக்கில். குலுக்கலில் விழ வேண்டும். வாரம் முழுவதும் வந்த மனுக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எதைக் கேள்வியாக்கலாம் என்று பார்ப்பது என் வேலையிலேயே எனக்குப் பிடித்த வேலை. 'என் கூலி வரவில்லை' என்பது மனு. 'பெயர்ப் பிழையால் கூலி நின்ற தொழிலாளர்கள் மாநிலவாரியாக எத்தனை பேர்' என்பது கேள்வி. பதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். (அ) ஆம் ஐயா, (ஆ) விவரம் திரட்டப்படுகிறது. நாம் கேட்டது நடக்கவே இல்லை என்று முதல் பகுதியில் சொல்லிவிட்டால், மீதி எல்லாவற்றுக்கும் ஒரே வரி: கேள்வி எழவில்லை. கீழிருந்து 'ஆவன செய்யவும்' போகும், மேலிருந்து 'கேள்வி எழவில்லை' வரும். நடுவில் நான் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் என் தவறு எனக்குத் தெரிந்தது.

அணைக்கட்டுப் பக்கம் ஜவ்வாது மலையில் ஒரு குக்கிராமம். பெயர் வேண்டாம். சாலை இல்லை, நோயாளியை டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். 2023 மே மாதம் அதே மலைத்தொடரில் அல்லேரிப் பக்கம் பாம்பு கடித்த குழந்தை சாலையில்லாமல் இறந்ததும், தாய் அந்த உடலைக் கையில் தூக்கிக்கொண்டே மலையேறியதும் நாடு முழுக்கச் செய்தியானது. எங்கள் கிராமத்துக்காரர்கள் அதற்கு முன்பிருந்தே மனு கொடுத்துவந்தவர்கள். வழியில் காப்புக்காடு. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம். மத்திய அனுமதி வேண்டும் என்று நானே முடிவுசெய்து, டெல்லிக்கு ஐந்து கடிதம் போட்டிருந்தேன். ஐந்திலும் ஆவன செய்யவும்.

கேள்வி எழுதுவதற்காக 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் புரட்டியபோது பிரிவு 3(2) கண்ணில் பட்டது. பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்குமேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மாவட்ட அளவிலேயே வனத்துறை அனுமதிக்கலாம், டெல்லி தேவையில்லை. மூன்று மீட்டர் அகலத்துக்குக் கணக்குப் போட்டேன். மூன்று கிலோமீட்டருக்குமேல் வந்தது. அவர்களுக்குக் காட்டுக்குள் வேண்டியிருந்தது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. நாடாளுமன்றம் அனுமதிக்கு வழி திறந்துவைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் அதே நாடாளுமன்ற உறுப்பினரின் லெட்டர்பேடில் அதைத் திறக்கச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தேன். ஐயாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "நானும் ஐந்திலும் கையெழுத்துப் போட்டேனே" என்றார்.

சனிக்கிழமை மலையேறினோம். ஜீப் நின்ற இடத்திலிருந்து நடை. அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர், கேரள மலையாளிகள் அல்ல. வட ஆற்காடு என்ற மாவட்டம் 1989-ல் இரண்டாகி, பிறகு பெயரும் மாறி, 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகிவிட்டது. ஆனால் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் இன்னும் வட ஆற்காடு என்றுதான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். கீழே இருந்த அம்மாவின் 'ள்' நினைவுக்கு வந்தது.

மலைமேல் வருவதற்குள் இருட்டிவிட்டது. கோயில் திண்ணையில் கிராம சபை. தீர்மான நோட்டில் நான் எழுதினேன். சர்வே எண், நீளம், அகலம், மரங்களின் எண்ணிக்கை. ஊரில் முதல் பட்டதாரியான ஒரு பெண் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் என் கை பழக்கத்தில் 'எனவே உரிய அதிகாரிகள் ஆவன செய்யுமாறு' என்று ஓடிவிட்டது.

"சார், இது எதற்கு?" என்றாள். "சட்டத்தில் நாங்கள் பரிந்துரைக்க வேண்டும் என்றுதானே சொன்னீர்கள்?"

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள். 'இக்கிராம சபை பரிந்துரைக்கிறது' என்று அவளே எழுதினாள். மை பெட்டி காய்ந்திருந்தது; யாரோ இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். கையெழுத்து தெரிந்தவர்கள் குறைவு. பெருவிரல் வைக்கும் இடம் தெரிவதற்காக ஐயா தன் கைப்பேசி விளக்கை நோட்டின்மேல் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசை நீளமாக இருந்தது. ஒரு கை வலித்ததும் மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.