செடி அலமாரி: கட்டுமான நாட்குறிப்பு

ஜனவரி 4

வீட்டில் வெயில் எட்டாத மூலை ஒன்று இருக்கிறது. அங்கே லெட்டூஸ் கீரையும் பேசில் மூலிகையும் வளர்க்க, கொஞ்சம் நாற்றும் விட, உள்ளே விளக்கு வைத்த ஓர் அலமாரி செய்யப் போகிறேன். துணிக்கூடாரமாக விற்கிறார்கள், வேலைக்கு ஆகும்தான். ஆனால் மேசை நாற்காலியோடு சேர்ந்து நிற்கிற, கதவைத் திறந்ததும் எல்லாம் கைக்கு எட்டுகிற ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

இன்று தாளில் அளவு மட்டும் போட்டேன். செடி நிற்கும் அறை உள்ளளவில் 80 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம், 100 செ.மீ. உயரம். அதற்கு மேலே மின்சாமான்களுக்குத் தனியாக 25 செ.மீ. கீழே தண்ணீர் கேன், உரம், தட்டுகளுக்கு 40 செ.மீ. ஆழத்தை 60 ஆக்கலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு 50-லேயே நிறுத்தினேன். பின்வரிசைத் தொட்டியை எடுக்கும்போது முன்வரிசை இலைகளில் முழங்கை இடிக்கக் கூடாது. தினமும் கை போகிற இடம், அந்த வசதிதான் பெரிது.

ஜனவரி 7

வெளிச்சக் கணக்கு. "இவ்வளவு இடத்துக்கு இத்தனை வாட்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. லூமெனும் உதவாது, அது மனிதக் கண்ணுக்காக வைத்த அளவு. செடிக்குக் கணக்கில் வருவது 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் வந்து விழும் ஒளித்துகள்கள். ஒரு சதுர மீட்டரில், ஒரு நொடியில், எத்தனை மைக்ரோமோல் என்று அதை அளப்பார்கள். மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு, பத்து லட்சம் மைக்ரோமோல் சேர்ந்தால் ஒரு மோல்.

லெட்டூஸுக்கு ஒரு நாளில் மொத்தம் 12 முதல் 17 மோல் கிடைத்தால் நன்றாக வரும். நொடிக்கு 200 மைக்ரோமோல் வீதம் 16 மணி நேரம் எரித்தால் 11.5 மோல், 250 என்றால் 14.4. சரி, 250-ஐ வைத்துக்கொள்வோம். என் தளம் 0.4 சதுர மீட்டர், ஆக நொடிக்கு 100 மைக்ரோமோல் இலைமட்டத்தில் விழ வேண்டும். சுவரிலும் இடுக்கிலும் கால்வாசி போய்விடும் என்று வைத்தால் விளக்கிலிருந்து 133 கிளம்ப வேண்டும். நல்ல வெள்ளை எல்.இ.டி. பட்டை ஒரு ஜூல் மின்சக்திக்கு 2.2 மைக்ரோமோல் தரும். வகுத்தால் 60 வாட். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம்.

ஊதாவாக எரியும் சிவப்பு-நீல விளக்குகளை ஒதுக்கிவிட்டேன். பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே பயன்படுகிறது என்பது 1972-இல் தாவர ஆய்வாளர் மெக்ரீ வெளியிட்ட அளவீடுகளிலேயே தெரிந்துவிட்டது. அதோடு, வெள்ளை வெளிச்சத்தில்தான் இலையின் நிஜமான நிறம் தெரியும். வெளிறத் தொடங்கும் இலையை அன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டுமே.

ஜனவரி 8

பெட்டிக்குள் செடி என்றதும் வார்ட் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் 1829-இல் ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிச் சீசாவில் மூடி வைத்தார், அந்துப்பூச்சி வெளிவருவதைப் பார்க்க. மண்ணிலிருந்து பெரணியும் புல்லும் முளைத்தன. லண்டன் புகையில் அவர் தோட்டத்தில் பிழைக்காத பெரணி சீசாவுக்குள் பிழைத்தது. 1833-இல் அவர் கப்பலில் அனுப்பிய கண்ணாடிப் பெட்டிகள் மாதக்கணக்கில் பயணம் செய்து சிட்னி சேர்ந்தபோது உள்ளே செடிகள் உயிரோடு இருந்தன.

அப்படியானால் விசிறியே இல்லாமல் மூடி வைத்துவிடலாமே என்று தோன்றும். வார்டின் பெட்டிக்குள் விளக்கு கிடையாது. செடி பிழைத்துக் கிடந்தால் அவருக்குப் போதும், எனக்கோ அது வேகமாக வளர வேண்டும்.

ஜனவரி 11

இந்த அலமாரியின் உயிரே காற்றில்தான் இருக்கிறது. நல்ல விளக்கு கிடைத்துவிடும், காற்றுப் பாதையை நாமேதான் யோசித்து அமைக்க வேண்டும்.

எல்.இ.டி. சூடாகாது என்று பலரும் சொல்வார்கள். உள்ளே போகும் 60 வாட்டில் செடி தன் உடம்பில் சேர்த்துக்கொள்வது ஒரு சில சதவீதம்தான். மீதி, இலையில் பட்டாலும் சுவரில் பட்டாலும், கடைசியில் சூடாகத்தான் முடியும். அதை வெளியே கொண்டுபோகக் காற்றை விட்டால் வேறு வழியில்லை.

கணக்கு சுலபம். வாட்டை 3-ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி ஏற்றம் வரை பரவாயில்லை என்பதால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்று வந்துவிடும். 60 வாட்டுக்கு, 3 டிகிரிக்குள் நிறுத்த, 60 கன மீட்டர். செடி அறையின் கொள்ளளவோ 0.4 கன மீட்டர். அதாவது உள்ளே இருக்கும் காற்று நிமிடத்துக்கு இரண்டரை முறை மாற வேண்டும். 120 மி.மீ. கணினி விசிறி எந்தத் தடையும் இல்லாமல் மணிக்கு 90 கன மீட்டர் போலத் தள்ளும். வலை, வளைவு, வெளிச்சம் கசியாமல் இருக்க வைக்கும் தடுப்பு எல்லாம் சேர்ந்தால் பாதியாகிவிடும். அதனால் இரண்டு விசிறிகள், மெதுவான ஓட்டத்தில். சத்தமும் குறையும்.

விசிறிகள் மேலே நின்று காற்றை உறிஞ்சி வெளியேற்றும். கீழே நுழைவாய், வெளிவாயைப் போல் ஒன்றரை மடங்கு பரப்பு, இல்லாவிட்டால் விசிறி மூச்சுத் திணறும். இன்னொரு காரணமும் உண்டு. வெளிக்காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. இறுக்கமாக மூடிய சின்ன அறையில் நெருங்கி நிற்கும் இலைகள் அதைச் சீக்கிரமே இழுத்துக் குறைத்துவிடும். அப்புறம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், வளர்ச்சி நின்றுபோகும். சூட்டை எடுத்துப் போகிற அதே காற்றுதான் செடிக்கு இரையும் கொண்டுவருகிறது.

ஜனவரி 18

மரவேலை. 18 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை இதைவிட வழுவழுப்பாக இருக்கும், ஆனால் வெட்டிய விளிம்பில் ஈரம் ஏறினால் உப்பிவிடும், பிறகு அமுங்காது. வெட்டு விளிம்புகளுக்கு மரப்பிசின் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, மறுபடி பூசினேன். சட்டகத்தைத் திருகி முடித்ததும் மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப்பால் அளந்தேன். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் கதவு நான்கு பக்கமும் ஒட்டி மூடும்.

ஜனவரி 25

உள்பக்கம் பளபளப்பில்லாத வெள்ளை, தண்ணீரில் கரைக்கும் பெயின்ட், இரண்டு பூச்சு. அலுமினியத் தாள் ஒட்டச் சொல்பவர்கள் உண்டு. சுருங்கிய தாள் வெளிச்சத்தை ஆங்காங்கே குவிக்கும், சுருக்கத்தில் ஈரமும் தங்கும். பளபளப்பில்லாத வெள்ளைப் பூச்சு வெளிச்சத்தைச் சீராகச் சிதறடிக்கும்.

மூலைகளில் சிலிக்கோன் பசை, வினிகர் வாடை வராத வகையாகப் பார்த்து. வாடை வருகிற வகை காயும்போது அசிட்டிக் அமிலம் விட்டு உலோகத்தை அரிக்கும். கதவைச் சுற்றி ஒட்டும் பட்டைக்கும் மெத்தென்ற பி.வி.சி. வேண்டாம் என்று முடிவு. அதை இளக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் சில ஆவியாகி, பசுமைக்குடில்களில் பயிர் வெளுத்துப்போன அனுபவம் உலகத்துக்கு ஏற்கெனவே உண்டு. சிலிக்கோன் பட்டையே போட்டேன். பெயின்ட் வாடை முழுக்கப் போகும்வரை கதவு திறந்தே கிடக்கட்டும்.

பிப்ரவரி 1

மின்வேலை. அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி, கூப்பிட்டதும் வந்துவிட்டாள். விசிறி வெளியேற்றும் காற்று, எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் இருக்கும் மின்சாமான் தட்டு வழியாகப் போகிற மாதிரி வரைந்திருந்த படத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டினாள்.

"ஈரக் காத்தை டிரைவர் மேல ஊதவிடப் போறியா? தனியாக் குழாய் வச்சுப் பின்பக்கமா வெளியே விடு."

அப்படியே செய்தோம். டிரைவர், டைமர், தெர்மோஸ்டாட் மூன்றும் மேல்தட்டில், நடுவே இடைவெளி இல்லாத பலகை. உலோகச் சட்டம் எல்லாவற்றுக்கும் எர்த். இணைப்பு 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் வழியாக. வயரை நேராக பிளக்கில் இறக்காமல் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றினாள். வழியும் தண்ணீர் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. ஈரமும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்போது இந்த வேலையில் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பிப்ரவரி 4

விளக்குப் பட்டைகளைச் சம இடைவெளியில் பொருத்தி, தளத்தில் கட்டம் போட்டு, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரால் ஒவ்வொரு கட்டமாக அளந்தேன். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 67 லக்ஸ் ஒரு மைக்ரோமோல் என்று மாற்றிக்கொள்ளலாம், தோராயத்துக்குப் போதும். நடுவில் 17,000, மூலைகளில் 12,000. எதிர்பார்த்ததுதான். நடுப்பகுதிக்கு இருபுறமிருந்தும் ஒளி வருகிறது, ஓரத்துக்கு ஒருபுறம் சுவர்தானே. பட்டைகளை நடுவில் அகலமாகவும் ஓரத்தில் நெருக்கமாகவும் மாற்றி வைத்ததும் நடு 16,000, மூலை 14,500. இந்த வித்தியாசம் செடியில் தெரியாது.

பிப்ரவரி 7

செடி இல்லாமல் வெறும் அலமாரியை ஓட்டிப் பார்த்தேன். வெளியே 27 டிகிரி. முழு வெளிச்சத்தில், சூடு நிலைக்கு வந்தபின், இலைமட்டத்தில் 30.1. கணக்கு சொன்ன 3 டிகிரி அப்படியே வந்து நின்றதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு மூலையிலும் பிடித்தேன். பின்மூலைகளில் மட்டும் கீற்று அசையவே இல்லை. நுழைவாய்க்கு உள்ளே சாய்வாக ஒரு தகடு வைத்துக் காற்றைப் பின்பக்கம் திருப்பியதும் அங்கேயும் ஆடத் தொடங்கியது.

விசிறிகளை வேண்டுமென்றே நிறுத்தியும் பார்த்தேன். பத்து நிமிடத்துக்குள் 36-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. தெர்மோஸ்டாட் 35-இல் விளக்கை அணைக்கும்படி வைத்தாயிற்று. விசிறி என்றைக்காவது பழுதானால் செடி வேகாது.

பிப்ரவரி 8

விதைத்தேன். லெட்டூஸ் விதையை மண்ணுக்குள் புதைக்காமல் மேலேயே தூவி லேசாக அழுத்தினேன். பல லெட்டூஸ் வகைகள் முளைக்க வெளிச்சம் வேண்டும். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில், சிவப்பு ஒளி பட்டால் முளைப்பதும், அதன்மேல் தொலைச்சிவப்பு, அதாவது சிவப்பையும் தாண்டிய அலைநீள ஒளி, பட்டால் முளைப்பு அடங்கிவிடுவதும், மறுபடி சிவப்பு பட்டால் திரும்பக் கிளம்புவதும் இந்த விதையில்தான் தெரிந்தது. கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதற்கே விதை கட்டுப்படும்.

விசிறிக் காற்று மேல்மண்ணைக் காயவைக்கும் என்பதால் முளைக்கும்வரை தட்டுக்கு மூடி.

பிப்ரவரி 13

முளைத்துவிட்டது. மூடியை எடுத்தாயிற்று. விளக்கு பாதி அளவில், விசிறி குறைந்த வேகத்தில். தண்டுகள் குட்டையாக, விறைப்பாக நிற்கின்றன.

பிப்ரவரி 22

விளக்கு அணைந்ததும் ஈரப்பதம் 60 சதவீதத்திலிருந்து 88-க்கு ஏறுகிறது, கதவின் உள்பக்கம் வியர்க்கிறது. அதனால் விசிறிகள் இருட்டிலும் நிற்பதில்லை, வேகம் மட்டும் குறையும். விளக்கு நேரத்தையும் மாற்றினேன்: மாலை 6 முதல் காலை 10 வரை. குளிர்ந்த வேளையில் விளக்கின் சூடு, சூடான வேளையில் இருட்டு. ஒரு பைசா செலவில்லாமல் உள்வெப்பம் அடங்கிவிட்டது.

மார்ச் 8

லெட்டூஸின் நடுவில் இருக்கும் இளம் இலைகளின் ஓரத்தில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் கோடாகச் சேர்ந்து, விளிம்பு காகிதமாகக் காய்ந்திருந்தது. வெளி இலைகளில் ஒன்றுமில்லை. பூஞ்சையும் அல்ல, பூச்சியும் அல்ல. கால்சியம் எட்டாத நுனிக்கருகல்.

உரத்தில் கால்சியம் கூட்டினால் இது தீராது. கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு ஏறுவது, தண்ணீர் ஏறுவது இலையிலிருந்து ஆவியாகும் வேகத்தில். வெளி இலைகள் சுற்றி மூடிய நடுக்குருத்தில் காற்று அசையாது, ஈரம் அப்படியே தேங்கும், ஆவியாகாது, கால்சியமும் வராது. மொத்தக் காற்று நிமிடத்துக்கு இரண்டரை முறை மாறினாலும் குருத்துக்குள் அது எட்டவில்லை. 80 மி.மீ. சின்ன விசிறி ஒன்றை விளக்குச் சட்டத்தில் கட்டி, மேலிருந்து குருத்தை நோக்கி மெல்ல ஊதவிட்டேன், இலை நடுங்கினால் போதும் என்கிற வேகத்தில். விளக்கு எரிவதற்குச் சற்று முன் இலை விளிம்பில் முத்துமுத்தாக நீர் கோத்திருக்கிறது. வேர் அழுத்தத்தால் இருட்டில் ஏறும் தண்ணீர் அது, குருத்துக்குக் கால்சியம் போகிற இன்னொரு வழி. அதனால் இருட்டில் மேல்விசிறிகளின் வேகத்தைக் கூட்டப் போவதில்லை.

மார்ச் 15

புதிய குருத்துகளில் கருகல் இல்லை. பழைய இலைகளில் இருப்பது ஆறாது, அவற்றைக் கிள்ளிவிட்டேன்.

இன்னொன்று கவனித்தேன். தளம் முழுக்க இலை மூடிய பிறகு உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் 2 டிகிரிதான், அதே விளக்கு, அதே விசிறி வேகம். வித்தியாசம் எங்கே போனது என்பதைத் தண்ணீர் கேன் சொல்லிவிட்டது: நாளுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 0.68 யூனிட் சக்தி வேண்டும். அப்படியானால் விளக்கு கொடுக்கும் 0.96 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலைகள் நீராவியாக்கி வெளியே அனுப்புகின்றன. தான் நிற்கும் அறையைச் செடி தானே குளிர வைக்கிறது!

மார்ச் 22

வெளி இலைகளைப் பறித்தாயிற்று, குருத்து நிற்கிறது. அடுத்த தட்டு நாற்று தயார்.

கீழே இருக்கும் 40 செ.மீ. தட்டையும் நாற்றறையாக மாற்றலாம் என்று யோசனை. நாற்றுக்கு நொடிக்கு 120 மைக்ரோமோல் போதும், 30 வாட்டில் முடியும். 3 டிகிரிக்குள் நிறுத்த மணிக்கு 30 கன மீட்டர் காற்று. ஆனால் மேலறைக்குப் போகும் காற்று இப்போது அந்தத் தட்டு வழியாகத்தான் நுழைகிறது. அதே வழியில் விட்டால் நாற்றுகளின் சூட்டை மேலறை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் தனி நுழைவாய் வெட்ட வேண்டும். ஜிக்சாவுக்குப் புது பிளேடு வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கிறேன்.