வெண்கட்டிக் கோடுகள்

இரண்டு நாளாகத் திருகோணமலை டைக் வீதி வீட்டுக்குள் வெண்கட்டியும் அளவுநாடாவுமாகத் திரிகிறேன். முன்னுக்கு ஒரு அறை இழுத்துக் கட்டலாம் என்றுதான் மேசன் அண்ணை சொன்னார். அவர் சொன்ன கணக்கைக் கேட்டதும், சரி, இருக்கிற இடத்தை முதலில் அளப்போம் என்று இறங்கிவிட்டேன்.

3 அடி அகலக் கதவு ஒன்று திறந்து மூடவே கிட்டத்தட்ட 7 சதுர அடி வேண்டுமாம். நடு அறைக் கதவு திரும்பும் கால்வட்டத்தை நிலத்தில் கீறிப் பார்த்தேன். என்னுடைய சின்ன மேசை அதற்குள் முக்கால்வாசி அடங்குகிறது! இவ்வளவு காலமும் அந்தக் கதவுக்குப் பின்னால் தும்புத்தடியும் கம்பி முறிந்த குடையும்தான் குடியிருந்தன. இழுவைக் கதவாக்கிவிட்டால் மேசைக்கு இடம் வந்துவிடும். இரும்பு மட்டும் வேண்டாம். உப்புக்காற்றில் யன்னல் கம்பிகள் பட்ட பாடு போதும், அலுமினியம்தான்.

பிறகு அந்தச் செற்றி. அதில் ஆட்கள் இருப்பதைவிட மடிக்காத உடுப்பு இருப்பதுதான் அதிகம். விற்போம் என்றேன்.

"அப்பா ஆசைப்பட்டு வாங்கினது" என்றார் அம்மா.

சரி, விறாந்தைக்குப் போகட்டும்.

கிழக்கு யன்னலை மறைத்து நிற்கும் அலுமாரியையும் நகர்த்த வேண்டும். கடற்காற்று வரும் வழியே அதுதான். யார் அங்கே வைத்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும்.

முற்றத்தில் குவித்த பழைய சாமான்களை நேற்று ஒரு மான் வந்து மணந்து பார்த்துவிட்டுப் போனது, விலை பேச வந்த ஆள் மாதிரி.