கட்டி வந்தது நல்லதுக்கு

ஜூன் 5
தம்பிக்கு டிபி மட்டும் இல்லை, எச்ஐவியும் இருக்கிறது. நாலு மாதமாகப் பாலக்கோட்டில் ஊசி, டானிக் என்று அலைந்தோம். லோடு ஓட்டுகிறவன், தூக்கம் கெட்டு இளைத்துப்போனான் என்றே நினைத்தேன். நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை. வழித்தால் அடியில் செக்கச்செவேல். உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை கடைந்து போட்டேன். நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது.

எதிர்ப்புச் சக்தி தரும் சிடி4 அணுவின் எண்ணிக்கை 84 தான். 500க்கு மேல் இருக்க வேண்டுமாம். 200க்குக் கீழே போனாலே எய்ட்ஸ் நிலை.

எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை தரும் நம்பிக்கை மையத்து மேடம் பொறுமையாகச் சொன்னார்: "சிடி4 அணு மேஸ்திரி மாதிரி. தானே கல் சுமக்காது, ஆள் ஏவும். வைரஸ் அந்த மேஸ்திரிக்குள்ளேயே புகுந்து பெருகுது." சளிப் பரிசோதனையில் முதலில் டிபி ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். நுரையீரலில் குழி விழுவதே உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டுவதால்தானாம். மல்லுக்கட்ட ஆளில்லாத உடம்பில் குழியும் விழாது, சளியில் கிருமியும் குறைவாகவே வரும். இதைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டிபி மாத்திரை இன்றே ஆரம்பம்.

ஜூன் 19
இன்று எச்ஐவிக்கான மருந்து, ஏ.ஆர்.டி. என்கிறார்கள், தொடங்கியாயிற்று. காலையில் மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. அதில் உள்ள டோலுடெக்ராவிர் என்ற மருந்தை டிபி மருந்து சீக்கிரம் கரைத்துவிடுமாம். அதனால் ராத்திரி அது மட்டும் தனியாக இன்னொன்று. எல்லாம் இலவசம்.

அம்மா அவனுக்குத் தனித் தட்டு எடுத்து வைத்தாள். நான் அதிலேயே களி போட்டுத் தின்றேன்.

ஜூலை 8
மறுபடி காய்ச்சல். கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. "மாத்திரை ஒத்துக்கல, நிறுத்திடலாம்" என்கிறார் மாமா. விடிந்ததும் தருமபுரிக்கு பஸ் ஏறிவிட்டோம்.

டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார், ஊசியால் நீர் எடுத்து அனுப்பினார். "எதிர்ப்புச் சக்தி திரும்புதும்மா. இத்தனை நாள் கண்டுக்காம விட்ட டிபி கிருமியை உடம்பு இப்பத்தான் அடையாளம் பார்க்குது. சிலருக்கு இது கடுமையாகவும் போகும், அதனால உடனே வந்தது சரி. ஆனா மாத்திரையை நிறுத்தவே கூடாது." நடுவில் விட்டால் மருந்துக்கு அசையாத வைரஸ் தலைதூக்கிவிடுமாம்.

காய்ச்சலைப் பார்த்துப் பாதியில் மாத்திரையை விட்டவர்கள் எத்தனை பேரோ.

ஜூலை 27
கட்டி வற்றுகிறது. நாக்கு சுத்தம். மத்தியானம் களி உருண்டை இரண்டு, அவரைக்கொட்டைக் குழம்பு, இன்னும் கேட்டான். தனித் தட்டு மற்றத் தட்டுகளோடு அடுக்கியிருக்கிறது, அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி எட்டரைக்குப் போன் அலாரம் அடித்தது. நான் எழுவதற்குள் அவனே சொம்போடு போய்விட்டான்.